“உனக்குப் படிப்பு ஏறாது” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்!



மிஷனரி என்றால் பைபிளும் கையுமாகக் கப்பல் ஏறி, போய் இறங்கிய மறுநாளே பிரசங்கம் பண்ணுவார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அதற்கென்று பயிற்சி உண்டு. அதில் தேறணும். தேறிப் போன ஊரிலும் கைக்குழந்தை மாதிரி முதலில் பேச்சுக் கத்துக்கணும். அந்தப் பயிற்சியில் தேறாமல் போன ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெயர், கிளாடிஸ் எய்ல்வர்ட்.

1902-ல் லண்டனில் ஒரு தபால்காரரின் மகளாகப் பிறந்தவர். 14 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. கடையில் வேலை பார்த்தார். பிறகு பணக்கார வீடுகளில் பணிப்பெண். சீனாவுக்கு ஊழியத்துக்குப் போகணும் என்ற ஆசை மட்டும் மனதை விட்டு அகலவே இல்லை.

அப்போது சீனாவுக்கு ஆள் அனுப்பிய பெரிய அமைப்பு, 1865-ல் ஹட்சன் டெய்லர் தொடங்கிய சைனா இன்லண்ட் மிஷன். அதில் சேருபவர்களுக்கு மாதம் இவ்வளவு சம்பளம் என்ற உறுதி கிடையாது. கல்யாணமாகாத பெண்களையும் உள்நாட்டுக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஆனால் அதற்கு முன் லண்டனில் பயிற்சி. சீனா போனபின் மறுபடி மொழிப் பயிற்சி.

சீன மொழி லேசுப்பட்டதல்ல. ‘மா’ என்று ஒரு விதமாகச் சொன்னால் அம்மா. குரலை இறக்கி ஏற்றினால் குதிரை! கொஞ்சம் சறுக்கினாலும் அம்மா குதிரையாகிவிடுவாள். மூன்று மாதப் பயிற்சி முடிந்ததும், “இந்தப் பெண்ணுக்குப் படிப்பு வரவில்லை. இந்த வயதுக்கு மேல் சீன மொழி கத்துக்கவும் முடியாது” என்று கிளாடிஸை அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை!

அழுதுகொண்டு உட்காரவில்லை அவர். மறுபடி வீட்டு வேலைக்கே போனார். கப்பலில் போக சுமார் 90 பவுன் ஆகும். ரஷ்யா வழியே ரயிலில் போனால் ஏறத்தாழ அதில் பாதிதான். நாம் சீட்டுக் கட்டுகிற மாதிரி, பயணச்சீட்டு விற்கிற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி வந்தார். 1930-களின் தொடக்கத்தில் ரயில் ஏறிவிட்டார். கூடவே படுக்கைச் சுருட்டு, சின்ன அடுப்பு, சமைக்கப் பாத்திரம், கெட்டில். நம்ம வீட்டுப் பெண்கள் தூரப் பயணம் கிளம்புகிற மாதிரியேதான்! வழியில் ரஷ்ய எல்லையில் சண்டை. பனியில் நடந்து, ஜப்பான் வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய உண்மையான பயிற்சி இனிமேல்தான். ஷான்சி மாகாணத்தில் யாங்செங் என்ற மலை ஊர். அங்கே ஜீனி லாசன் என்ற, எழுபது வயதைத் தாண்டிய ஸ்காட்லாந்து விதவை மிஷனரி துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரிகள் பேச்சைக் கேட்க ஊரில் யாரும் வருவதாக இல்லை. எனவே அந்த வழியாகச் சரக்கு ஏற்றிப் போகும் கோவேறு கழுதைக்காரர்களுக்கு ஒரு சத்திரம் திறந்தார்கள். சூடான சாப்பாடு, சுத்தமான படுக்கை, தூங்கும் முன் பைபிள் கதை.

கிளாடிஸுக்கு வந்த வேலை என்ன தெரியுமா? வாசலில் நின்று, முன்னால் வரும் கழுதையின் கடிவாளத்தைப் பிடித்து முற்றத்துக்குள் இழுக்க வேண்டும். ஒன்று நுழைந்தால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும். கழுதைக்குத் தீனி வைத்து, சேறு கழுவி, சமையல்காரரோடும் கழுதைக்காரர்களோடும் பேசிப் பேசியே சீன மொழி வந்துவிட்டது. வகுப்பில் ஏறாத பாஷை, அடுப்படியில் ஏறிவிட்டது!

கொஞ்ச காலத்தில் ஜீனி இறந்துவிட, தனியாக நின்றார் கிளாடிஸ். பெண் குழந்தைகளின் பாதத்தைக் கட்டிச் சிறுக்க வைக்கும் கொடுமையை அரசாங்கம் தடை செய்திருந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்க்க, பாதம் கட்டப்படாத ஒரு பெண் வேண்டும். ஊர் அதிகாரி கிளாடிஸைத்தான் கூப்பிட்டார். கிராமம் கிராமமாகப் போய்த் தாய்மாரோடு பேசப் பேச, பேச்சு இன்னும் சரளமானது. 1936-ல் சீனக் குடியுரிமையே வாங்கினார். 1940-ல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, சுமார் 100 குழந்தைகளை மலை வழியே நடத்திக் கூட்டிப்போய்ப் பத்திரமாகச் சேர்த்தார். போய்ச் சேர்ந்ததும் கடும் காய்ச்சலில் விழுந்தார். 1970-ல் தைவானில் காலமாகும்வரை குழந்தைகளுக்காகவே வாழ்ந்தார்.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்திலும் இப்படி ஒருவர் உண்டு. டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார். அவரையும் இதே அமைப்பு, உடம்பு தாங்காது என்று திருப்பி அனுப்பியது. 1895-ல் இந்தியா வந்தவர், 1951-ல் இறக்கும்வரை ஒரு தடவைகூட சொந்த ஊர் திரும்பவில்லை!

பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை தோழிகளே. கிளாடிஸும் படித்தவர்தான். பாடம் நடந்த இடம்தான் வேறு. கல்யாணமாகி பெங்களூரு, மும்பை என்று போகிற நம் பெண்கள், காய்காரரிடம் பேரம் பேசியே அந்த ஊர்ப் பாஷையைக் கத்துக்கிறது இல்லையா? “இந்த வயசுல உனக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று வீட்டில் யாராவது சொன்னால், சண்டை போட வேண்டாம். ஸ்கூட்டரோ, கம்ப்யூட்டரோ, ஆங்கிலமோ, தினம் அரை மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். வரும்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை.