தாளம் தப்பும் இதயம்: அடைப்புக்கும் படபடப்புக்கும் என்ன தொடர்பு?

திருச்சி - திண்டுக்கல் சாலையில் மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி. இங்கும் சரி, வேறெந்த ஊரிலும் சரி, ‘நெஞ்சு படபடங்குது’ என்று பெரியவர் ஒருவர் சொன்னால், ‘வாயுவா இருக்கும், ஒரு சோடா குடிங்க’ என்ற பதில்தான் முதலில் வரும். அவர் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால், சோடாவோடு விட்டுவிடக் கூடாது.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், தாறுமாறாக நடுங்குவதை ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்கிறார்கள். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்பு படிந்து அடைப்பது வேறு நோய். ஒன்று மின்சாரக் கோளாறு, மற்றொன்று குழாய்க் கோளாறு. ஆனாலும் இரண்டும் அடிக்கடி ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. வயது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, உடல் பருமன், புகை என இரண்டுக்கும் காரணங்கள் பெரும்பாலும் பொதுவானவை.

அதோடு ஒன்று மற்றொன்றை வளர்க்கவும் செய்கிறது. அடைப்பால் கீழறை பலவீனமானால் மேலறையில் அழுத்தம் கூடி, அது விரிந்து, தழும்பு விழுகிறது. அந்தத் தழும்பில் மின்னோட்டம் தடம் மாறுகிறது. மறுபக்கம், இதயத் தசைக்கு ரத்தம் முக்கியமாகக் கிடைப்பது இதயம் தளரும் நேரத்தில்தான். நிமிடத்துக்கு 140, 150 என்று துடித்தால் அந்த நேரம் சுருங்கிவிடும், தேவையோ கூடிவிடும். அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி வர அது போதும்.

பெரிய ஆபத்து மூளைக்குத்தான். நடுங்கும் மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து, கட்டியாக மூளைக்குப் போகலாம். பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு கூடுகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. வையம்பட்டியிலிருந்து திருச்சிக்குச் சுமார் 50 கி.மீ. வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று படுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழைப்பதுதான் வழி.

குழப்பம் மாத்திரையில் தொடங்குகிறது. ‘ரத்தத்தை மெலிசாக்குற மாத்திரை’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். உண்மையில் எதுவும் ரத்தத்தை மெலிதாக்குவதில்லை. உறைவதைத் தடுக்கின்றன, அதுவும் வெவ்வேறு வழியில். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுப்பவை, ஸ்டென்டுக்குத் தேவை. வார்ஃபரின், அபிக்சாபான், ரிவரோக்சாபான் போன்றவை மேலறையில் கட்டி உருவாகாமல் காப்பவை. ஸ்டென்ட்காரருக்குத் துடிப்புக் கோளாறும் வந்தால், ஆஸ்பிரின் மட்டும் போதாது. எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு வரலாம்.

எத்தனை நாள் சேர்த்துச் சாப்பிடுவது? 2019-ல் வெளியான ஜப்பானின் ‘அஃபையர்’ ஆய்வில், இரண்டு நோயும் உள்ள, நிலைமை சீரான 2,200-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ரிவரோக்சாபான் மட்டும் எடுத்தவர்களைவிட, கூடவே தட்டணு மாத்திரையும் எடுத்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்ததால், ஆய்வே முன்கூட்டி நிறுத்தப்பட்டது. அதனால் ஸ்டென்ட் வைத்து ஓராண்டு கடந்த பலருக்கு, இப்போது ஒரே மாத்திரையோடு நிறுத்துகிறார்கள். அதை முடிவு செய்ய வேண்டியது இதய மருத்துவர். மருந்துக் கடையோ பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல. சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்குக் கணக்கே வேறு: அவர்களுக்கு வார்ஃபரின் வகைதான், கூடவே ஐஎன்ஆர் பரிசோதனையும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். விட்டு விட்டு, ஒழுங்கே இல்லாமல் அடித்தால் ஓர் ஈசிஜி எடுக்க வேண்டும். ஆனால், படபடப்பு வந்து போகும் ரகமாக இருந்தால் ஒரு ஈசிஜியில் சிக்காமல் போகலாம்; ஒருநாள் முழுக்கப் பதிவு செய்யும் ‘ஹோல்டர்’ கருவி தேவைப்படும்.

இன்னொன்று. ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்த்து 14 மாத்திரைகள் தருகிறார்கள். உறைதல் தடுப்பு மாத்திரை ஏற்கெனவே எடுப்பவர் அதை அங்கே முதலிலேயே சொல்ல வேண்டும். பழைய மருந்துச் சீட்டை சட்டைப் பையிலேயே வைத்திருந்தால், வலியில் பேச முடியாதபோது அது பேசும்.