பிடிப்பது சுலபம், விடுவதுதான் ஆபத்து

ஆடி மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடிக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் மேகாத்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். கரிசல் காட்டில் ஒதுங்கி நிற்க நிழல் அபூர்வம். கண்ணுக்கெட்டியவரை சீமைக் கருவேலம். என்னதான் மிதித்தாலும் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு டிராக்டர் மெதுவாக முந்துகிறது. டிரெய்லரின் பின்பலகையில் தொங்கும் சங்கிலி கைக்கெட்டும் தூரத்தில் ஆடுகிறது. ஹேண்டில் பாரில் இருந்த ஒரு கை அங்கே போய்விடுகிறது.

அதற்கப்புறம் மிதிக்க வேண்டியதில்லை. வேர்வை காய்கிறது. வீட்டில் கேட்டால், "ஒரு வண்டியப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டேன்" என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும். முந்தைய தலைமுறை இதே வேலையை மாட்டுவண்டியின் பின்கட்டையைப் பிடித்துச் செய்தது. மாடு கோபித்துக்கொண்டு ஓடினாலும் லாரி வேகத்துக்கு ஓடிவிடாது. இன்று அதே கை பிடிப்பது டிராக்டரை, டிப்பரை, சில சமயம் டாரஸ் லாரியை.

சாலையும் பழைய சாலை இல்லை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் வழி முன்பு தேசிய நெடுஞ்சாலை 45பி. இப்போது 38 என்ற எண்ணில் நான்குவழிச் சாலை. துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம், இந்த வட்டாரத்துச் சுரங்கங்களின் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் இன்னொரு பக்கம். நான்குவழிச் சாலையில் சரக்கு வண்டிகளுக்கு மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்த உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. அதே சாலையின் ஓரத்தில்தான் 15 கி.மீ. வேகத்தில் சைக்கிளும் போகிறது.

ஏன் பிடிக்கிறார்கள்?

விளையாட்டுத்தனம் என்று சொல்லி முடித்துவிடலாம். பையன்கள் விஷயத்தில் அது பாதி உண்மை. மீதிப் பாதி காற்றின் கணக்கு.

காற்றே இல்லாத நாளில், சமதரையில், சாதாரண இரும்புச் சைக்கிளை 15 கி.மீ. வேகத்தில் ஓட்ட ஏறக்குறைய 50 வாட் சக்தி போதும். அதே 15 கி.மீ. வேகத்தில் காற்று எதிரே அடித்தால், உடம்பு உணரும் காற்றின் வேகம் 30 கி.மீ. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது நான்கு மடங்காகிறது. காலுக்கு வேண்டிய மொத்தச் சக்தி இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பள்ளிப் பையைச் சுமந்த பதினாறு வயதுக்காரருக்கும், கேரியரில் தண்ணீர்க் குடங்களோ கரிமூட்டையோ கட்டியவருக்கும் இது சிறிய வித்தியாசமில்லை.

வண்டியைப் பிடித்தவருக்கு இரண்டு லாபம். ஒன்று இழுவை. மற்றொன்று காற்று மறைவு: பெரிய வண்டி முன்னால் காற்றைப் பிளந்துகொண்டு போக, பின்னால் வருபவர் அதன் நிழலில் போகிறார். இந்த மறைவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1899 ஜூன் 30 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் சார்லஸ் மர்ஃபி என்பவர் காட்டினார். தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பாவி, ரயிலுக்குப் பின்னால் அதைத் தொடாமலேயே மிதித்து, ஒரு மைலை 57.8 விநாடியில் கடந்தார். ஆனால் பலகைப் பாதை முடியும் இடம் வந்தபோது அவரால் நிற்க முடியவில்லை. ரயிலில் இருந்தவர்கள் அவரை அப்படியே பிடித்துத் தூக்கி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஓடியவரைக்கும் சரி, முடிப்பதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

நம் ஊர்ச் சாலையில் தூக்கிக்கொள்ள ஆளில்லை.

சைக்கிளுக்கு என்ன ஆகிறது?

குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட நாளில் கேட்ட பாடம் ஒன்று உண்டு: எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலை ஒடி. சைக்கிள் நிற்பதன் இரகசியம் அதுதான். சாயும் பக்கம் முன்சக்கரம் லேசாகத் திரும்பினால் சக்கரங்கள் மறுபடியும் உடம்புக்கு அடியில் வந்து சேரும். நாம் அறியாமலே ஒவ்வொரு விநாடியும் இந்தத் திருத்தத்தைச் செய்கிறோம்.

லாரியின் இடப்பக்கம் போகிறவர் வலக்கையால் அதைப் பிடிக்கிறார். லாரி வேகம் கூட்டினால் முதலில் இழுபடுவது தோள். உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. பழைய பாடத்தின்படி ஹேண்டிலை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். அங்கே இருப்பதோ லாரியின் சக்கரம். இடப்பக்கம் ஒடித்தால் சக்கரம் விலகும், கை விலகாது, விழுவது உறுதியாகிறது. சமநிலைக்கு இருந்த ஒரே வழியைப் பிடித்த கை அடைத்துவிடுகிறது.

அடுத்து பிரேக். நம் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடிதான் முன்சக்கர பிரேக், இடக்கைப் பிடி பின்சக்கரத்துக்கு. நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. அந்தக் கைதான் லாரியில் இருக்கிறது.

மூன்றாவது வேகம். மோதலில் உடம்பு தாங்க வேண்டிய ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில்தான் ஏறும். 15 கி.மீ.யில் விழுபவருக்கு முழங்கால் சிராய்ப்பு என்றால், 40 கி.மீ.யில் விழுபவர் தாங்க வேண்டியது அதைப்போல் ஏழு மடங்கு. 40 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடிவிடும். முன்னால் ஆடு குறுக்கே வந்து லாரி பிரேக் அடித்தால், சைக்கிள்காரர் "ஐயோ" என்று நினைப்பதற்குள் அந்த 11 மீட்டர் போய்விட்டது.

விடும் நேரமும் நம் கையில் இல்லை. கையை எடுத்ததும் இழுவை போகும், காற்று மறைவும் போகும். சைக்கிளின் வேகம் பட்டென்று இறங்கும். பின்னால் வரும் வண்டிக்காரர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். தார்ச்சாலை முடிந்து மண் தொடங்கும் இடத்தின் பள்ளம், டிப்பரிலிருந்து சிந்திய கல் என்று ஓரத்தில் காத்திருப்பவை வேறு.

ஓட்டுநருக்குத் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். லாரியின் இடப்பக்கம், அதுவும் கேபினை ஒட்டியும் உடற்பகுதியின் பின்பாதியிலும், கண்ணாடியில் விழாத பகுதி உண்டு. சைக்கிள்காரர் பிடிப்பது அந்தக் குருட்டுப் பகுதியில்தான். கிளீனர் எட்டிப் பார்த்துக் கத்திய காலம் ஒன்று இருந்தது. இப்போது பல லாரிகளில் ஓட்டுநர் மட்டும்தான்.

நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் இடையிலிருந்த இடைவெளி சில விநாடிகளில் மறைந்துவிடும். இதற்காகத்தான் சரக்கு வண்டிகளின் பக்கவாட்டில் தடுப்புக் கம்பிகள் கட்டாயமாக்கப்பட்டன. அவை முறையாக இருக்கும் வண்டியில், விழுந்தவர் சக்கரத்துக்கு அடியில் போகும் வாய்ப்பு குறையும். வளைந்து தொங்கும் கம்பி யாரையும் காப்பாற்றாது.

உலகம் முழுக்க உள்ள கை

இந்தக் கை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டில் மலைக் கிராமங்களிலிருந்து வாழைத்தாரும் கரியும் ஏற்றிக்கொண்டு டாங்கனீக்கா ஏரிக்கரையிலுள்ள புஜும்புரா நகருக்குச் சைக்கிள்காரர்கள் இறங்குகிறார்கள். திரும்ப ஏறும்போது லாரிகளின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. உயிர்களும் போயிருக்கின்றன.

பந்தயக்காரர்களும் விதிவிலக்கில்லை. 1904 பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முதல் நான்கு இடம் பிடித்தவர்களும் முறைகேடுகளுக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பந்தயத்தில் ஒருவர் காரில் கட்டிய கயிற்றின் நுனியிலிருந்த தக்கையைப் பல்லால் கடித்துக்கொண்டு போனதாக ஒரு கதையும் உலவுகிறது. 2015-ல் ஸ்பெயின் பந்தயத்தில் இத்தாலியின் வின்சென்சோ நிபாலி தன் அணியின் காரைப் பிடித்துக்கொண்டு முன்னேறியதற்காக வெளியேற்றப்பட்டார்.

நார்வேயின் டிரோண்ட்ஹைம் நகரம் வேறு விதமாக யோசித்தது. செங்குத்தான தெரு ஒன்றில் மக்கள் சைக்கிள் மிதிக்கத் தயங்கினார்கள். 1993-ல் அந்தத் தெருவோரம் 130 மீட்டர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் தூக்கியை அமைத்தார்கள். ஒரு காலைச் சிறு தகட்டில் ஊன்றினால், தரைக்கு அடியில் ஓடும் கம்பிவடம் மெதுவாக மேலே தள்ளிக்கொண்டு போகும். இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கும். எப்போது காலை எடுப்பது என்பது ஓட்டுபவர் முடிவு. உதவி தேவை என்பதை ஒப்புக்கொண்ட ஊர் அது.

சட்டம் எங்கே நிற்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமல்ல. அதற்கு உரிமம் வேண்டாம். அதனால் சைக்கிள்காரரைச் சட்டம் தொடாது என்று நினைப்பது தவறு. ஓடும் வண்டியைப் பிடித்து இழுபட்டுப் போவதையும், ஓட்டுநர் அதை அனுமதிப்பதையும் தடுக்கும் விதி பல மாநிலங்களின் மோட்டார் வாகன விதிகளில் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, பொதுவழியில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும்படி எந்த வாகனத்தை ஓட்டினாலும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. "எந்த வாகனத்தையும்" என்பதில் சைக்கிளும் அடக்கம். பிரிட்டனில் 1988-ம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26-வது பிரிவு இந்தச் செயலையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது.

சிறையைவிட நம்மவர்களைச் சுடுவது இன்னொன்று. விபத்து இழப்பீட்டு வழக்கில், அடிபட்டவரின் கவனக்குறைவும் காரணம் என்று தீர்ப்பாயம் கண்டால், அந்தப் பங்கைத் தொகையில் கழித்துவிடும்.

ஆனால் தண்டனை மட்டும் கையை எடுக்க வைக்காது என்பதற்கு நம்மிடமே பாடம் இருக்கிறது. பேருந்துப் படிக்கட்டில் தொங்குவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவு தடுக்கிறது. அந்தச் சட்டம் இருக்கும்போதுதான் 2012 டிசம்பரில் சென்னை ராஜீவ் காந்தி சாலையில் படிக்கட்டில் போன நான்கு மாணவர்கள் லாரி உரசி இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. கூட்டம் கொள்ளாத பேருந்து இருக்கும்வரை படிக்கட்டில் கால் இருக்கும். மூடும் கதவு வந்த பேருந்தில்தான் அந்தக் கால் உள்ளே போனது.

என்ன செய்யலாம்?

தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2005-06-ல் மற்ற மேல்நிலை மாணவர்களுக்கும் விரிந்தது. சைக்கிளைக் கொடுக்கும் நாளில் அரைமணி நேரம் ஒதுக்கி, இரண்டு பிரேக்கையும் எப்படிப் பிடிப்பது, லாரியின் குருட்டுப் பகுதி எது என்று பள்ளி மைதானத்திலேயே ஒரு லாரியை நிறுத்திக் காட்டலாம். ஓட்டுநர் இருக்கையில் ஒரு மாணவியை உட்காரவைத்து, இடப்பக்கம் நிற்கும் தோழிகளில் எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று எண்ணச் சொன்னால் போதும்; சொற்பொழிவு தேவைப்படாது.

டிராக்டர், லாரி உரிமையாளர்கள் தொங்கும் சங்கிலியையும் கயிற்றையும் சுருட்டிக் கட்டலாம். பக்கத் தடுப்புகளை நிமிர்த்தலாம். நெடுஞ்சாலைத் துறை அணுகுசாலைகளைச் சைக்கிள் ஓடும் நிலையில் வைத்து, ஓரத்தில் வேம்பும் புங்கையும் நட்டால் மேகாத்தின் பாதி வேகம் மரத்திலேயே நின்றுவிடும். பள்ளி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. பள்ளி விடும் நேரத்துக்கு அந்தப் பேருந்து வந்தால் அதுவே பெரிய சாலைப் பாதுகாப்பு.

அடிபட்டவரைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம்.

சைக்கிள் ஓட்டுபவருக்கு ஒரே ஒரு வார்த்தை. காற்று மிஞ்சினால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். பந்தல்குடி தாமதமாக வரும். ஆனால் எங்கே நிற்பது என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள்.