கணினிக்கும் ஒரு கண்மாய்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வேளாண்மை பெரிதும் கண்மாய்களை நம்பியது. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதைத் தேக்கி, வேண்டும்போது மடை வழியே வயலுக்கு விடுவதே அவற்றின் பணி. கொள்ளளவை மீறும் நீர் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குச் செல்லும்.

கணினித் துறையில் 'கேஷ்' எனப்படும் இடைக்காலச் சேமிப்பகமும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது. தொலைவிலுள்ள தரவுத்தளத்தை ஒவ்வொரு முறையும் நாடாமல், ஒருமுறை பெற்ற விடையை அருகிலேயே வைத்திருந்து தருவது அது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் இக்கருத்தை விளக்கி எழுதினார். 1968-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் அது வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியாகும் காலையில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையதளத்தை நாடும்போது, அந்தச் சுமையைத் தாங்க உதவும் முக்கிய உத்திகளுள் இதுவும் ஒன்று.

இதை எப்படி வடிவமைப்பது? தேர்வு முடிவுக்கு ஒன்று, குடும்ப அட்டைக்கு ஒன்று, பட்டாவுக்கு ஒன்று எனத் தனித்தனியே எழுதினால் ஒரே பிழை மூன்று இடங்களில் முளைக்கும். பொருள்நோக்கு நிரலாக்கம் இதற்கு வேறு வழி காட்டுகிறது. எவ்வகைத் தரவையும் ஏற்கும் பொதுவான சேமிப்பகம் ஒன்றை எழுதிவிட்டு, உள்ளே வைக்கப்போவது பட்டாவா, மதிப்பெண் பட்டியலா என்பதைப் பயன்படுத்தும் இடத்தில் குறிப்பிட்டால் போதும். ஜாவா மொழியில் இவ்வசதி 2004-இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் சேர்ந்தது.

அத்தகைய சேமிப்பகத்துக்குத் தெரிய வேண்டியவை மிகக் குறைவு. ஓர் அடையாளத்தைக் கொடுத்தால் அதற்குரிய பொருளைத் தர வேண்டும். இல்லையெனில் மூலத்திலிருந்து பெற்றுவர வேண்டும். மூலம் எங்கே இருக்கிறது என்பதை அது அறிய வேண்டியதில்லை. பெற்றுவரும் முறையை வெளியிலிருந்து கொடுத்துவிடலாம். இடம் நிறைந்தால் எதை வெளியேற்றுவது என்னும் விதியும் தனியே இருத்தல் நலம். நெடுநேரம் எவரும் கேட்காததை முதலில் நீக்குவது பரவலான விதி. மடையையும் கலிங்கையும் நம் முன்னோர் ஒன்றாகக் கட்டவில்லை. இரண்டின் வேலையும் வேறு.

அடையாளத்தில்தான் முதல் ஆபத்து இருக்கிறது. அறந்தாங்கி வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலும் திருமயம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலும் ஒரே பட்டா எண் இருக்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே முழுமையான அடையாளம். எண்ணை மட்டும் வைத்துச் சேமித்தால் ஒருவர் நிலம் மற்றொருவர் திரையில் தோன்றும். இது வெறும் கற்பனை அச்சமன்று. 2015 கிறிஸ்துமஸ் நாளில் 'ஸ்டீம்' என்னும் இணைய விளையாட்டுத் தளத்தில், கேஷ் அமைப்பின் தவறான ஏற்பாட்டால் ஒருவரின் கணக்கு விவரங்கள் பிறருக்குக் காட்டப்பட்டன. ஏறத்தாழ 34,000 பேர் பாதிக்கப்பட்டதாக அதன் உரிமை நிறுவனமே தெரிவித்தது.

இரண்டாவது ஆபத்து பழமை. கண்மாய் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. தேங்கிய நீர் நேற்றையது என்பதால் நெற்பயிர் வாடாது. தேங்கிய தகவல் அப்படியன்று. வெளியான தேர்வு முடிவு அரிதாகவே மாறும்; அதை ஒருநாள் வைத்திருந்தாலும் பெரிய தீங்கில்லை. பட்டாவோ பாகப்பிரிவினையாலும் விற்பனையாலும் மாறக்கூடியது. காலையில் பெயர் மாற்றப்பட்ட நிலத்துக்கு மாலையில் பழைய உரிமையாளர் பெயர் வந்தால், பயிர்க்கடன் கேட்டவர் திருப்பி அனுப்பப்படலாம். விற்றவரே மீண்டும் விற்கவும் அது வழிவகுக்கும். எனவே பொதுவான சேமிப்பகத்தை எல்லோரும் பகிரலாம்; ஆனால், காலக்கெடுவைத் தரவின் பொறுப்பாளரே முடிவு செய்ய வேண்டும். மூலத்தில் மாற்றம் பதிவான கணமே சேமித்த நகலை நீக்கும் ஏற்பாடும் தேவை.

இவையெல்லாம் நிரலாளர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது. இ-சேவை மையத்தில் ஒரு தாளைப் பெற்றுச் செல்லும் உழவருக்கு, அது மூலப் பதிவிலிருந்து வந்ததா, இடைக்கால நகலா என்பது தெரியாது. அரசுத் துறைகள் மென்பொருள் ஒப்பந்தம் இடும்போது, எத்தகவல் எவ்வளவு நேரம் பழையதாக இருக்கலாம் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வோர் ஆவணத்திலும் அச்சிட்ட நேரத்தோடு, தகவல் மூலத்திலிருந்து எடுக்கப்பட்ட நேரத்தையும் குறிப்பிட வேண்டும். கூடுதல் செலவு சொற்பம். தடுக்கப்படும் வழக்குகளோ பல தலைமுறைக்கு நீளக்கூடியவை.