சின்னம்மாவின் முகம் ஏன் அகன்றது?

வவுனியாவில் ஓர் உறவுக்காரர் வீட்டில் பழைய சாமத்திய வீட்டு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்கள் எல்லாம் போக, மிஞ்சியது அந்த ஒரு கசெற் மட்டும். அதைக் கணினிக்கு மாற்றிப் புதிய அகலத் தொலைக்காட்சியில் போட்டிருந்தார்கள். ஈர்க்குப் போல இருந்த சின்னம்மா அதில் வாட்டசாட்டமாக நின்று ஆராத்தி எடுத்தார். குத்துவிளக்கும் பருத்திருந்தது. "அந்த நாளில எல்லாரும் நல்லாச் சாப்பிட்டவை" என்று ஒருவர் சொல்ல, வீடே சிரித்தது.

காரணம் சாப்பாடல்ல. இலங்கைத் தொலைக்காட்சியில் இருந்தது 'பால்' என்ற முறை. அந்த முறைப்படி கணினிக்கு மாற்றிய படத்தில் குறுக்கே 720 புள்ளிகள், நெடுக்கே 576 புள்ளிகள். வகுத்துப் பார்த்தால் 5:4. ஆனால் அதை 4:3 ஆகக் காட்ட வேண்டும். அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல, சற்று அகன்றவை. இதே 720க்கு 576ஐ 16:9 ஆகவும் விரிக்க முடியும். எப்படி விரிப்பது என்பது படத்தில் எங்கும் தெரியாது. கோப்போடு சேர்ந்து போகும் ஒரு சிறு குறிப்பில்தான் இருக்கும். குறிப்பு பிழைத்தால் முகத்தின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு கூடிவிடும்.

சினிமாவில் இது எதிர்த்திசையிலும் நடக்கும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. சினிமாஸ்கோப் வில்லை அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் படச்சுருளில் பதியும். தியேட்டரில் அதை விரிக்கும் வில்லை இல்லாவிட்டால் சிவாஜி கணேசனும் மெலிந்து நெடுத்துத்தான் தெரிவார்.

இழுபட்ட படத்தையாவது பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். வெட்டுப்பட்ட படம் அப்படியல்ல. இரணைமடுக் குளக்கட்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். தண்ணீரும் வானமும் கிடையாக நீண்டு கிடக்கும் இடம்; அகலத்திரைதான் பொருந்தும் என்று 2.39:1 அளவில் தீர்மானித்தோம். கமரா பதிந்தது 1920க்கு 1080. அந்த அகலத்துக்கு 2.39 என்றால் உயரம் 804 வரிகள். மிச்சம் 276 வேண்டாதவை. எங்கள் ஒளிப்பதிவாளர் அந்த 804 வரிச் சட்டத்தின் மேல் விளிம்பைப் பதிவின் மேல் விளிம்போடு ஒட்டவிட்டு, 276ஐயும் கீழே தள்ளிவிட்டார். நல்ல யோசனைதான்: நாளைக்குத் தொலைக்காட்சிக்கு முழுப் படத்தையும் கொடுத்தாலும் தலைக்கு மேலுள்ள இடைவெளி மாறாது.

படத்தொகுப்பாளர் வேறு ஊரில். அவர் வழக்கம்போல மேலே 138, கீழே 138 என்று நடுவாக வெட்டினார். படத்தில் சைக்கிளில் வரும் அப்பா பாத்திரத்துக்கு நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லை. நாங்கள் மறைத்துவிட்டதாக நினைத்த வயர் கீழே பளிச்சென்று கிடந்தது. இரண்டு பேரின் கணக்கும் சரி. ஒருவர் கணக்கை மற்றவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரிய இயக்குநர்களுக்கும் படம் பிழையாக வெட்டுப்படுமோ என்ற பயம் உண்டு. ஸ்டான்லி குப்ரிக் 1975இல் 'பாரி லிண்டன்' வெளியானபோது, படத்தை 1.66:1 அளவில் எடுத்திருக்கிறேன் என்று தியேட்டரில் படம் ஓட்டுபவர்களுக்கே கடிதம் எழுதினார்.

இதற்குத் தொழிலில் உள்ள பழைய வைத்தியம் பிரேமிங் சார்ட். ஒரு மட்டையில் நீங்கள் தீர்மானித்த அளவில் ஒரு செவ்வகம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கோட்டைத் தொடும் அம்புக்குறி. முதல் நாள் காலையில் மட்டையைக் கமராவுக்கு நேரெதிரே நிறுத்தி, மொனிற்றரில் தெரியும் சட்டக்கோடு அம்பு முனைகளில் படும்படி சரிசெய்து, பத்து விநாடி பதிந்து வைக்க வேண்டும். மட்டை சாய்ந்திருந்தால் எல்லாமே வீண். தொகுப்பவர் அந்தத் துண்டைத் தன் திரையில் வைத்து, அம்பு முனைகளுக்கு வெட்டினால் போதும்.

பெரிய படங்களில் ஒரே காட்சி தொகுப்பு, கிராபிக்ஸ், நிறத்திருத்தம் என்று பல கைகள் மாறும். ஒவ்வொரு கையும் மட்டையைப் பார்த்துக் கண்ணளவில் பொருத்தினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். அதனால் 1919இல் தொடங்கிய அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் அண்மையில் எப்டிஎல் என்றொரு கோப்பு முறையை வகுத்திருக்கிறது. பதிவின் முழு அளவு, அதற்குள் சட்டத்தின் அளவு, அது எங்கே நிற்கிறது, ஆட்டம் திருத்தவும் கிராபிக்ஸ் சேர்க்கவும் சுற்றிவர எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, வில்லை நெருக்கியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் எண்களாக இருக்கும். மென்பொருள் அதைத் தானே வாசித்துக்கொள்ளும். எங்களைப் போன்ற குறும்படக்காரருக்கு அவ்வளவு தேவையில்லை. சட்டத்தின் அகலம், உயரம், இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு: இந்த நாலு எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாலே அப்பாவின் தலை தப்பியிருக்கும்.

அதே படம் போனில் நெட்டாகவும் வேண்டும் என்றால் படப்பிடிப்புக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். 1080 வரி உயரப் படத்தில் 9:16 சட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 608 புள்ளி அகலம், மூன்றிலொன்றுக்கும் குறைவு. எங்கள் குளக்கட்டுக் காட்சியின் இரு ஓரத்திலும் இரண்டு பேரை நிறுத்தியிருந்தால், நடுவில் குளம் மட்டும் மிஞ்சும்.

வீட்டில் பழைய கசெற் இருந்தால், மாற்றக் கொடுக்கும்போது 4:3 ஆகவே வேண்டும், இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்லிக் கொடுங்கள். முன்பே மாற்றியது இழுபட்டு மட்டும் இருந்தால் திருத்திவிடலாம். திரை நிறையட்டும் என்று மேலும் கீழும் வெட்டியிருந்தால் வெட்டியது வெட்டியதுதான். திரும்பக் கசெற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே மாற்றியாயிற்று என்று கசெற்றை எறிந்துவிடாதீர்கள்.