இருதயத்தைக் காக்கும் மடைகள்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலருகே கடலோடு கலக்கும் தாமிரவருணியின் குறுக்கே, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றினின்று பிரியும் கால்வாய்கள் நீரோடு வண்டலையும் சுமந்து செல்கின்றன. வண்டல் வயலை அடைந்தால் பொன் விளையும். கால்வாயிலேயே தங்கிவிட்டாலோ நீரோட்டம் தடைப்படும். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது மடை. திருநெல்வேலி உழவர் நன்கறிந்த இவ்வுண்மையைக் கொண்டே மாரடைப்பு என்னும் கொடிய நோயின் மர்மத்தையும் விளங்கிக் கொள்ளலாம்.

கொலஸ்டிரால் என்றதும் நம்மிற் பலர் அதனை நஞ்சென்றே எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவின் மேலுறைக்கும் அது வேண்டும். பித்தநீரும் சில ஹார்மோன்களும் அதிலிருந்தே உண்டாகின்றன. ஆயினும் கொழுப்புத் தன்மையுள்ள அப்பொருள் இரத்தத்தில் கரையாது. ஆதலால் புரதம் போர்த்த நுண்ணிய துகள்களில் அடங்கிப் பயணம் செய்கிறது. எல்.டி.எல். என்பது அத்துகள்களில் ஒருவகை. அதை இனங்கண்டு பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதங்கள் உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ளன. ஏற்பிகள் என்று பெயர் பெற்ற இவையே நம் தேகத்தின் மடைகள். கல்லீரலில் இவை மிகுதி. கமலைச் சால் நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் கிணற்றில் இறங்குவதுபோல, ஏற்பியும் சரக்கை உள்ளே விட்டு, சுமார் பத்து நிமிஷத்துக்கொரு முறை மேற்பரப்புக்குத் திரும்புகிறது.

இவ்விந்தையை 1970-களில் கண்டறிந்தவர்கள், அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இருவர். 1985-ல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிராயம் இருபது நிறையுமுன்பே மாரடைப்புக்கு இரையாகும் சில குழந்தைகளின் உயிரணுக்களை இவர்கள் ஆராய்ந்தனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற அவர்களுக்கு, வேலை செய்யும் ஏற்பி ஏறக்குறைய இல்லை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கோ பாதிதான் உண்டு. இத்தகைய பரம்பரைக் குறை, உலகில் சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவர் வீதம் காணப்படுகிறது. மடை குறைந்தால் வண்டல் எங்கே செல்லும்? இருதயத்துக்கு இரத்தம் செல்லும் குழாய்களின் சுவரில் ஆண்டாண்டாகப் படிகிறது.

நம் தேசத்துக்கு இது தனிக் கவலை. கேரளத்திற் பிறந்த டாக்டர் ஸலீம் யூஸுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சியை ஒட்டி, 2007-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது, தெற்காசியர்களுக்கு 53, ஏனையோர்க்கு 59. ஆறாண்டு சிறிதன்று. மகனின் படிப்பும் மகளின் கல்யாணமும் முடியாத பருவத்தில் குடும்பத்தின் தூண் சாய்வதற்கு அது போதும்.

மடைகளைத் திறக்க வழி உண்டா? உண்டு. 1973-ல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, அரிசியில் பூத்த பூஞ்சணத்திலிருந்து ஒரு மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார். அது கல்லீரலின் சொந்தக் கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கிறது. பற்றாக்குறையை உணர்ந்த கல்லீரல், புதிய ஏற்பிகளைப் படைத்து இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது! ஸ்டாடின் எனப்படும் மருந்துகள் யாவும் அவ்வழியில் வந்தவையே. வைத்தியர் சொற்படி மட்டுமே அவற்றை உண்ணவேண்டும்.

உணவுக்கும் இதில் பங்குண்டு. நெய், வெண்ணெய், பாமாயில் முதலியவற்றிலுள்ள உறைகொழுப்பு மிகுந்தால் ஏற்பிகள் குறைகின்றன. பயறும் காய்கறியும் அவற்றுக்குத் துணை செய்கின்றன. அல்வாவைத் துறக்கச் சொல்லி நெல்லைவாசிகளின் பகையைத் தேடிக்கொள்ள நாம் விரும்பவில்லை. விசேஷ நாட்களுக்குரியதை விசேஷ நாட்களுக்கே வைத்துக்கொள்ளலாம் என்பதே நம் விண்ணப்பம்.

ஆயின் ஒன்றை வற்புறுத்துவோம். வீட்டில் எவரேனும் 55 வயதுக்குள் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால், உடன்பிறந்தாரும் மக்களும் உடனே இரத்தத்தைப் பரிசோதித்துக் கொள்ளுதல் வேண்டும். 'விதி' என்று கண்ணீர் விட்டு அமைவது தகாது. கால்வாய் தூர்ந்தபின் வாருவது பெருந் தொல்லை. மடையை உரிய காலத்தில் திறந்து வைப்பதே அறிவுடைமை.