அடுப்படியில் ஆண்டவர் – 9: பீப்பாய்மேல் உருண்ட துறவி

பதினேழாம் நூற்றாண்டுத் துறவி சகோதரர் லாரன்ஸ், பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதெல்லாம் சென்ற வாரமே ஆயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளவும். அவரை நான்கு ஆண்டுகள் வாட்டிய பயத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன், ஒயின் பீப்பாய்கள் வழிமறித்துவிட்டன.

1666 செப்டம்பர் இறுதியில், ஜோசப் தெ போஃபோர் என்பவரிடம் லாரன்ஸ் ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்கிறார். (இந்த போஃபோர்தான் லாரன்ஸின் மறைவுக்குப் பிறகு அவருடைய பேச்சையும் கடிதங்களையும் தொகுத்து அச்சேற்றியவர்.) மடத்துக்கு ஒயின் வாங்கிவர அவரை பிரான்சின் பர்கண்டி பகுதிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆளோ ஐம்பதைத் தாண்டியவர், கால் விளங்காதவர். பீப்பாய்கள் ஏற்றிய படகில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டுமென்றால், அவற்றின் மேல் படுத்து உருண்டுதான் போக முடிந்தது! கொடுக்கல் வாங்கலிலும் சாமர்த்தியம் கிடையாது. அவரே ஒப்புக்கொள்கிறார். முந்தைய ஆண்டும் இதே வேலையாக ஒவெர்ன் பகுதிக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மடத்தில் வேறு ஆளே இல்லையா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அவருக்கு வரவில்லை. "இது உம்முடைய காரியம்" என்கிற தோரணையில் கடவுளிடம் சொல்லிவிட்டு, வேலையைப் பார்த்திருக்கிறார். காரியம் நல்லபடியாக முடிந்தது. எப்படி முடிந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. வானத்தில் ஒளி தோன்றியது, குரல் கேட்டது என்றெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

லாரன்ஸைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆம்லெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுள்மேல் உள்ள அன்புக்காகச் செய்கிறேன் என்று சொன்னவர் அவர். அழகான சங்கதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆம்லெட் சுடுகையில் சட்டி நம் கையில், அடுப்பு நம் கட்டுப்பாட்டில். சந்தையில் அப்படியா? விற்கிறவன் ஒரு பக்கம் இழுப்பான், விலை ஒரு பக்கம் இழுக்கும், கால் வேறு வலிக்கும். அந்த இடத்தில் ஆண்டவரோடு பேச்சு அறுந்துபோகாமல் இருப்பதுதான் பெரிய காரியம். இத்தனைக்கும் சமையல் வேலையே அவருக்கு இயல்பில் பிடிக்காத வேலை. அதில் பதினைந்து ஆண்டுகள் ஓட்டினார்.

பேச்சு அறுந்துபோகவே இல்லையா என்றால், அறுந்தது. மனம் அலைந்த நேரங்களும் உண்டு என்று அவரே சொல்கிறார். அப்போது தன்னையே நொந்துகொண்டு கிடக்கவில்லை. என்னை என் போக்கில் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று கடவுளிடம் ஒப்புக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முழங்காலில் நின்று ஜெபிக்கும் நேரம், பாத்திரம் உருளும் நேரம் என்று அவர் இரண்டாகப் பிரித்துக்கொள்ளவில்லை.

    

அந்த நான்கு ஆண்டுப் பயம், 'நான் நரகத்துக்குத்தான் போவேன்' என்று அவர் உறுதியாக நம்பிய காலம், அடுத்த வாரத்துக்குப் போகிறது. ஆசிரியர் தந்த இடம் தீர்ந்துவிட்டது.

அதற்குள் உங்களுக்கு ஒரு வேலை. ரேஷன் கடை வரிசையிலோ, மின்கட்டணம் கட்டுமிடத்திலோ, பிடிக்காத ஏதாவது ஒன்றில் நிற்கும்போது லாரன்ஸைப் போல ஆண்டவரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். வரிசை வேகமாக நகர்ந்தது என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.