மூடுவிழா நடந்தும் சாகாத கார்... 8 வருஷம் கழிச்சு வந்த புது பாடி!

ஒரு காரோட உற்பத்தி நின்னுட்டா, கடைசியில் காயலான் கடைதான். இங்கிலாந்தின் எம்.ஜி.பி. கதை மட்டும் வேற!

கூரையை மடக்கிட்டு காற்று வாங்கிக்கிட்டே ஓட்டுற ஸ்போர்ட்ஸ் கார் இது. 1962-ல் ஆபிங்டன் ஊரில் தயாராகி வந்தது. 1798 சி.சி. இன்ஜின். மணிக்கு 160 கி.மீ. வேகத்தை தொடும். கோடீஸ்வரன் மட்டும் வாங்குற வண்டி இல்லை. அதனால்தான் 5 லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது.

1979 செப்டம்பரில் ஆபிங்டன் தொழிற்சாலைக்கு 50-வது ஆண்டு விழா. அந்த சந்தோஷம் அடங்குவதற்குள் ஆலையை மூடப்போவதாக நிர்வாகம் குண்டு போட்டது. பவுண்டு மதிப்பு ஏறியதால் அமெரிக்க விற்பனையில் நஷ்டமாம். ரசிகர்கள் லண்டனில் ஊர்வலம் போயும் பலனில்லை. 1980 அக்டோபரில் கடைசி கார் வெளியே வந்தது. தொழிலாளர்களும்தான்.

இந்த காருக்கு தனி சேசிஸ் கிடையாது. பாடிதான் எல்லாம். கதவுக்கு கீழே தகடு துருப்பிடித்தால் வண்டி காலி. 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளை தேடிப்பிடித்து, அதே பாடியை புதுசாக தயாரிக்க ஆரம்பித்தது. பழைய இன்ஜினையும் கியர்பாக்சையும் தூக்கி மாட்டினால் வண்டி ரெடி.

கம்ப்யூட்டர் சமாச்சாரமே இல்லை. இரட்டை கார்புரேட்டர், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் வீட்டு வாசலிலேயே சர்வீஸ் பண்ணலாம்.